ஆறிப்போன காப்பி

மணமேடை இன்ஸாஃபுக்குக் கிடைத்ததை என்னால் இன்றுவரை செரிக்க முடியவில்லை. பாலஸ்தீனத்தின் துல்கர்ம் அகதி முகாமை விட்டு ராணுவம் எங்களைத் துரத்திய பிறகு, நாங்கள் எல்லாரும் இந்தக் கல்யாண மண்டபத்தில்தான் கிடக்கிறோம். ஆளுக்கொரு மூலை, நடுவே போர்வைத் திரை. எனக்குக் கழிப்பறைப் பக்கம். என் ஓரகத்தி இன்ஸாஃபுக்கோ மேடை, இரண்டு வெல்வெட் நாற்காலி, தலைக்கு மேல் பிளாஸ்டிக் பூ! முந்தி ஓடி இடம் பிடித்தாள், அதுதான் அவள் சாமர்த்தியம்.

எனக்கு மேடை வேண்டாம், ஒரு கதவு வேண்டும். என் மகள் ரூலாவுக்கு இது நிறைமாதம். பிள்ளையைப் பெற்று இந்தத் திரைக்குப் பின்னாலா கொண்டுவந்து கிடத்துவாள்?

இரண்டு நாடுகள் சேர்ந்து எங்களுக்கு வீடு பிடித்துத் தருவதாகப் பேச்சு. ஓர் அரபு நாடு வாடகை கொடுக்கும், ஓர் ஐரோப்பிய நாடு கட்டிலும் அடுப்பும் கொடுக்கும். இரு நாட்டுத் தூதர்களும் மண்டபத்துக்கு வருகிறார்கள் என்றதும், எங்கே உட்காரவைப்பது? மேடையில்தான். யார் உபசரிப்பது? மேடைக்காரிதான். எனக்கு வயிறு எரிந்தது.

அவர்கள் வரும் நாள் காலை இன்ஸாஃப் என் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு கெண்டி காப்பி போட்டுக் குடேன். நான் வறுத்தா கொட்டை கருகிப்போவுது."

"மேடைய மட்டும் கருகாம பிடிச்சிட்டியே?"

"அதையே இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லுவ? வேணும்னா நீ வந்து அந்தப் பிளாஸ்டிக் பூவுக்குத் தண்ணி ஊத்து."

மறுத்தால் பொறாமைக்காரி என்பார்கள். உண்மைதான், ஆனால் அதை மண்டபமே சொல்ல வேண்டுமா? ஏலக்காய் தட்டிப் போட்டு, மணக்க மணக்கக் காய்ச்சிக் கொடுத்தேன்.

தூதர்கள் வந்தார்கள். இன்ஸாஃப் ஊற்றினாள். ஐரோப்பியத் தூதர் கோப்பையை முகர்ந்து தலையாட்டினார். இவள் வெட்கப்பட்டுக் குனிந்தாள், ஏதோ தானே காய்ச்சியதுபோல! கீழே நின்று பல்லைக் கடித்தேன்.

அப்போது அரபுத் தூதர் அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தார். அவர் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

மண்டபமே அந்தக் கோப்பையைப் பார்த்தது. எங்களிடம் விருந்தாளி காப்பியைத் தொடாமல் வைத்தால், ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம். பெண் கேட்கப் போனாலும் பகை தீர்க்கப் போனாலும் அப்படித்தான். "குடிங்க, கேட்டது கெடச்சாச்சு" என்று வீட்டார் சொன்னால் அது வாக்கு, மாற்ற முடியாது. வழக்கத்தை ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார், மற்றவர் கோப்பையை வைக்கிறார். இரண்டு நாடும் நன்றாகத்தான் கைகோத்திருந்தன!

"வீடுங்க இன்னும் தயாராகல," என்றார் அரபுத் தூதர். "பெருநாள் முடியிறவரைக்கும் பொறுத்துக்கணும். இதுதான் எங்க ரெண்டு பேரோட வேண்டுகோள்."

பெருநாளுக்கு இன்னும் மூன்று மாதம். ரூலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸாஃபின் வாய் திறந்தது. வாக்குக் கொடுத்தால் மண்டபம் அவளைத் தின்றுவிடும், மறுத்தால் விருந்தாளிக்கு அவமானம். சுற்றிப் பார்த்தவள் சட்டென்று என் பக்கம் கைநீட்டினாள்.

"காப்பி என்னோடது இல்லீங்க. எங்க நுஹாத் அக்கா போட்டது. அவகிட்டத்தான் கேக்கணும்."

தூதர் முகர்ந்து தலையாட்டியபோது அவள் வாயிலிருந்து வராத சொல்! வந்த நேரத்தைப் பாருங்கள்.

மேடை ஏறினேன், முதல் தடவையாக. கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"ஆறிப்போச்சு. ஆறின காப்பிய விருந்தாளிக்குக் குடுக்குற வழக்கம் எங்களுக்கு இல்ல. என் மகளுக்கு இது நிறைமாசம். ஒரு வீடு குடுத்துட்டு வாங்க, புதுசாப் போட்டுத் தரேன். ஆனா இப்பிடித் திரைய விலக்கிக்கிட்டு வராதீங்க. கதவத் தட்டிட்டு வாங்க."

அரபுத் தூதர் மொழிபெயர்த்தார். இருவரும் வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். பிறகு அரபுத் தூதர் எழுந்து, எல்லார் முன்னாலும் நெஞ்சில் கை வைத்தார்.

"இந்த வாரமே ஒரு வீடு. உங்க மகளுக்கு. அங்க வந்து தட்டுறோம்."

ஒரே ஒரு வீடு. கோப்பையோடு திரும்பினேன். வெல்வெட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இன்ஸாஃப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியாதா? இத்தனை மாதமாக நான் அவளைப் பார்த்த பார்வை அது.