டம்ளரில் ஊறிய பருக்கை

சோற்றுப் பருக்கை மஞ்சளானதும் சௌந்திரத்துக்கு வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். காய்ச்சலோடு கிடந்த மருமகள் மைதிலியின் சிறுநீரை ஒரு பழைய டம்ளரில் பிடிக்கச் சொல்லி, அதில் பருக்கையைப் போட்டு ஊறவைத்தவள் அவள்தானே.

"நாஞ் சொல்லல? காமாலையேதான். இதுக்கு இங்கிலீசு மருந்து ஆகவே ஆகாது சாமி."

அன்றிலிருந்து காலையில் கீழாநெல்லி அரைத்த மோர், அப்புறம் உப்பில்லாத சோறு. வெளிச்சம் பட்டால் கண் இன்னும் மஞ்சளாகுமாம், ஜன்னலைச் சாத்தியாயிற்று. செல்போனும் அதே நியாயத்தில் மாமியார் இடுப்புக்குப் போய்விட்டது. கணவன் சந்தோஷ்குமார் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் எங்கேயோ போர்வெல் கிணறு போட்டுக்கொண்டிருந்தான். அறைக்குப் பூட்டு கிடையாது. மைதிலி ஒரு வார்த்தை சொன்னால் போதும், வெளியே வந்துவிடலாம். அந்த வார்த்தைதான் வாயில் வரவில்லை.

நாமக்கல் பக்கம் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை. பெண் பார்க்க வந்தபோது "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று சொல்லிவைத்தது அவளேதான். எலி ரத்தத்திலும் எலி மூத்திரத்திலும் கை வைக்கிறவள் என்றால் எந்த வீட்டில் அடுப்படிக்குள் விடுவார்கள்? ஹாம்ஸ்டர் என்கிற குட்டை வால் எலிக்கு எலிக்காய்ச்சல் கிருமியை ஊசியில் ஏற்றி, அது உடம்புக்குள் எங்கெங்கே போகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒருநாள் கூண்டின் ஈர மரத்தூளை மாற்றும்போது கண்ணில் ஒரு துளி தெறித்தது. கண்ணாடி போட்டிருக்க வேண்டும், போடவில்லை. மேலதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் வீட்டுக்கு போன். ஒன்றும் ஆகாது என்று கண்ணைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். அவ்வளவு படித்தும் புத்தி போன போக்கு அது.

இருட்டறையில் படுத்துக்கொண்டு அவள் எலிகளை நினைத்தாள். முதலில் ஒன்றும் தெரியாது. கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும், எலி பாட்டுக்குத் தின்றுகொண்டு ஓடிக்கொண்டிருக்கும். பிறகு மயிர் சிலிர்த்து மூலையில் குந்தும். பிறகு ஈரல், சிறுநீரகம். காதுமடல் மஞ்சளாகும். கெண்டைக்கால் இப்படி வலிக்கும் என்று மட்டும் எந்த எலியும் அவளிடம் சொன்னதில்லை.

சீக்கிரமே மருந்து கொடுத்த கூண்டில் எல்லாம் எழுந்து ஓடின. மஞ்சள் கண்ட பிறகு கொடுத்த கூண்டில் பெரும்பாலும் எழவில்லை. அந்தக் கூண்டைக் கழுவிக் கவிழ்த்தவள் அவளே. ஆனாலும் சொன்னால் வேலை போகும், பொய் சொல்லிக் கல்யாணம் கட்டியவள் என்ற பேரும் நிற்கும். நாளைக்குச் சொல்லலாம் என்று தினமும் நினைத்தாள்.

சௌந்திரம் மறுபடி டம்ளரோடு வந்தாள்.

"மஞ்ச எறங்கியிருக்குதான்னு பாப்போம்."

கதவருகே போய்ப் பருக்கையை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அந்த விரலில் துணி சுற்றியிருந்தது. அரிவாள்மனை வெட்டு. துணி ஊறி மஞ்சளாயிருந்தது. சிறுநீரகத்தில் குடியேறிய கிருமி மூத்திரத்தில்தான் வெளியே வரும், உள்ளே போக ஒரு சின்னக் காயம் போதும்.

"தொடாதீங்க அத்தை! கீழ வெய்ங்க! இது காமாலை இல்லீங்க, எலிக்காய்ச்சல். நான் எலியிலதானுங்க வேலை செய்யறேன்!"

சௌந்திரம் டம்ளரைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டருன்னு சொன்னியே?"

மைதிலியால் அழத்தான் முடிந்தது. சோப்புப் போட்டு விரலைக் கழுவச் சொல்லி அழுதாள். சௌந்திரம் திட்டவில்லை. கழுவிவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினாள். "ஏனுங்க, காரை எடுங்க!"

மாமனார் சின்னுசாமி வண்டியை ஓட்ட, பெண்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். மெயின் ரோடு ஏறியதும் சௌந்திரம் கேட்டாள்.

"அந்த எலிகளுக்கு மருந்து குடுத்தாப் பொழைக்குதா?"

"சீக்கிரம் குடுத்தாப் பொழைக்கும்ங்க அத்தை."

"நாம சீக்கிரந்தானே போறோம்?"

மைதிலி அந்தக் காய விரலைப் பார்த்தாள். இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

"நீங்க சீக்கிரந்தானுங்க அத்தை."

சௌந்திரம் மருமகளின் மஞ்சள் கண்ணைப் பார்த்தாள். முன் சீட்டை ஓங்கித் தட்டினாள்.

"வெரசாப் போங்க!"