கிழக்கே பார்த்த இன்ஜின்

1

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள்: என் அண்ணன் சங்கிலிமுத்து, கிணறு அவருடையது. அவர் மனைவி, என் மதினி, வெள்ளைத்தாய். சாத்தூர்த் தீப்பெட்டிக் கம்பெனி ஒன்றில் மிஷின் பழுது பார்க்கும் தேவாசீர்வாதம். வடம் பிடிக்க ஒச்சப்பனும் அவன் ஆட்கள் எட்டுப் பேரும். அழைக்காமலே வந்து வரப்பில் உட்கார்ந்த எங்கள் பங்காளி நாகையா. அப்புறம் சுந்தரபாண்டியாகிய நான். வேறு யாரும் இல்லை. யாராவது "நானும் பார்த்தேன்" என்றால் நம்ப வேண்டாம்.

நான் கதை எழுதுகிற ஆள் இல்லை. போன மாதம் அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலைக்காரர் நான் யாரென்று தெரியாமல் சொன்னார்: "மல்லாங்கிணத்துல ஒரு குடும்பம், புது இன்ஜின வாங்கிக் கிணத்துக்குள்ள விழ விட்டுட்டாகளாம்." பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன். 1958ஆம் வருஷம் தை மாதம் நடந்தது இது. ஒன்பது வருஷம் வாய் வாயாகப் போய்க் கெட்டுவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "வானம் பொய்த்திருந்தது." அடித்துவிட்டேன். அந்த வருஷம் ஓரளவு மழை உண்டு.

இரண்டாம் தொடக்கம்: "எங்கள் வட்டாரத்திலேயே முதன்முதலாக ஆயில் இன்ஜின் வாங்கிய குடும்பம் எங்கள்—" இதுவும் வேண்டாம். நாங்கள் இரண்டாவது.

நேராகவே சொல்கிறேன். அண்ணன் கமலை இறைத்த இரண்டு ஜோடி மாடுகளையும் விற்று இன்ஜின் வாங்கினார். கிணற்று மேட்டில் வைத்து ஓட்டினோம். இன்ஜின் ஓடியது, தண்ணீர் வரவில்லை. ஆள் அனுப்பித் தேவாசீர்வாதத்தை வரவழைத்தோம். அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"அய்யா, தண்ணி நாப்பதடியில கெடக்கு. பம்பு இருபதடிக்கு மேல உறிஞ்சாது. இன்ஜின உள்ளதான் எறக்கணும்."

கிழக்குச் சுவரில் முப்பதடி ஆழத்தில் பாறையைக் குடைந்து ஒரு மேடை வெட்டினோம். அதற்கே ஆறு நாள். மிளகாய் காய்பிடிக்கிற சமயம். இன்ஜின் வந்ததிலிருந்து எட்டு நாளாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை. திரும்பக் கமலை கட்டலாம் என்றால் மாடு இல்லை. மறுநாள் பாய்ச்சாவிட்டால் செடி தலை தொங்கிவிடும். அத்தோடு நாகையாவின் சிரிப்பையும் கேட்க வேண்டும். எது பெரிய நஷ்டம் என்று அண்ணன் கடைசிவரை சொல்லவில்லை.

3

இறக்குவதற்கு முன் பூஜை. இன்ஜினில் கம்பெனிப் பெயர்த் தகடு இருந்த பக்கத்தை அதன் முகம் என்று முடிவு செய்து, அண்ணன் சந்தனமும் குங்குமமும் வைத்தார். "இது கெளக்க பாத்துத்தான் உக்காரும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

(அண்ணன் சொன்னார் என்று எழுதியிருக்கிறேன். முதலில் சொன்னது நான். அடுத்த பிரதியில் திருத்துவேன்.)

பனங்கட்டைகளை நட்டுக் கப்பி மாட்டி, வடத்தைக் கமலைக் கல்தூணில் மூன்று சுற்றுச் சுற்றி, எட்டுப் பேரும் அங்குலம் அங்குலமாக விட்டார்கள். ஒச்சப்பன் கிணற்று விளிம்பில் நின்று குரல் கொடுத்தான்.

"விடு... விடு... ஏலே, மாமியார் வீட்டுக்குப் போற மாப்பிள்ளை கணக்கா மெதுவாப் போகணும்லே! பிடி!"

ஒரு கல் பெயரவில்லை. ஒரு விரல் நசுங்கவில்லை. இன்ஜின் மேடையில், பாறையைப் பார்த்து, கிழக்கு முகமாக உட்கார்ந்தது. அண்ணனும் தேவாசீர்வாதமும் கல் படியில் இறங்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் தேவாசீர்வாதத்தின் குரல் வந்தது.

"அய்யா, இன்ஜினக் கெளப்பச் சுத்துற கைப்பிடியும் இந்தப் பக்கந்தான இருக்கு. பாறையில இடிக்கி. அரைச் சுத்துக்கூட வரல. மேக்க பாக்கத் திருப்பிட்டா சோலி முடிஞ்சது."

"புதுப் பொருள மேக்க பாத்தா வைப்பாக? சொன்னது சொன்னதுதான். ஒச்சப்பா, பாறைய வெட்டுலே" என்றார் அண்ணன்.

"வெட்டலாம் அய்யா. நாலு நாளாகும். மொளகா நிக்குமா?" என்று மேலேயிருந்து கேட்டான் ஒச்சப்பன்.

4

இந்த இடத்தில் நாகையாவை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எங்கள் குடும்ப விஷயத்தில் அவருக்கு என்ன வேலை? எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தேன். எல்லோரும் சும்மா நின்றார்கள். கதை நகரவில்லை. ஆகவே வரப்பிலேயே இருக்கட்டும்.

"ஏப்பா சங்கிலி, கெளக்க பாத்து உக்காந்தாச்சு. காலையில எந்திச்சுச் சூரியனக் கும்பிடும். தண்ணி எறைக்குமா?"

ஒச்சப்பனின் ஆட்கள் வடத்தைப் பிடித்தபடியே சிரித்தார்கள். வடம் ஒரு சாண் நழுவியது. அவ்வளவுதான் நழுவியது; இன்ஜின் மேடையைவிட்டு அசையவில்லை. கல்யாணப் பந்திவரை போன பேச்சு இந்த ஒரு சாணில் பிறந்ததாகத்தான் இருக்கும்.

5

"அப்போது அண்ணனுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் நிமிர்ந்து—"

இந்த வாக்கியத்தை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அண்ணன் நிமிர்ந்தார், வாயைத் திறக்கவில்லை. நடந்தது வேறு.

மதினி மேலேயிருந்து குனிந்து கேட்டார்.

"ஏங்க, அதுக்கு மூஞ்சி எது?"

"பொட்டு வச்ச பக்கம்."

"வச்சது ஆரு?"

"நாந்தேன்."

"அப்ப பொட்டு இருக்கிற பக்கந்தான மூஞ்சி? அத அழிச்சிட்டு முதுகுல வைங்க. முதுகு மூஞ்சியாயிரும். பெறகு திருப்புங்க. அப்பயும் கெளக்கதான பாக்கும்?"

உள்ளேயிருந்து தேவாசீர்வாதம் சொன்னார்: "அம்மா, இது எங்க வேதத்துக்கும் சரிதான்."

அண்ணன் கையெல்லாம் கிரீஸ். பொட்டு வைக்க மதினியே குங்குமச் சிமிழோடு படியில் கால் வைத்தார். நான் தடுத்தேன்.

"மதினி, பொம்பளைக கிணத்துக்குள்ள எறங்குறது நம்ம வீட்டுப் பழக்கம் இல்ல."

"இன்ஜின் எறங்குறது மட்டும் பழக்கமா கொழுந்தனாரே? தள்ளுங்க."

தள்ளி நின்றேன்.

மதினி பொட்டை முதுகுக்கு மாற்றி வைத்ததும், வடத்தைக் கொஞ்சம் இழுத்து, அந்தரத்தில் இன்ஜினைத் திருப்பி, மறுபடி உட்கார வைத்தார்கள். பம்பையும் பக்கத்தில் மாட்டி, புகைக் குழாயைக் கிணற்றுக்கு வெளியே ஏற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அண்ணன் கைப்பிடியைச் சுற்றினார். நான்காவது சுற்றில் கிணறு முழுக்க அதிர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் முதலில் கால் கழுவியவர் நாகையா.

6

முடிவு ஒன்று: மேலே வந்த அண்ணன் மதினியைப் பார்த்து, "நீ இல்லேன்னா—" இல்லை. அவர் அப்படிப் பேசுகிறவர் அல்ல.

முடிவு இரண்டு: ஒன்றும் சொல்லாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குள் போனார்.

இரண்டும் இல்லை. ஏதோ சொன்னார், மதினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. படிக்கிறவர்கள் தங்கள் வீட்டுக்குப் பொருந்துகிற ஒரு வாக்கியத்தை இங்கே போட்டுக்கொள்ளலாம்:

[                                        ]

இன்ஜின் விழவில்லை என்பது இதற்குள் விளங்கியிருக்கும். ஆனால் ஊரில் இன்னொரு பேச்சும் உண்டு: பொட்டை மாற்றி வைத்த யோசனை சங்கிலிமுத்துவுடையது என்று. ஒன்பது வருஷமாக அதைச் சொல்லித் திரிந்தவன் நான். அது பொய். யோசனை வெள்ளைத்தாயுடையது.