அட்டவணையில் முதலிடம்

பிப்ரவரியிலேயே சொன்னேன். பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்தில் இரும்பு உரசுகிற சத்தம் கேட்கிறது, மாற்றிவிடு என்று. வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பது என் தொழில். ஜெர்மனியில் அவுரிச் நகரத்துப் பக்கத்துக் கிராமங்களில் யார் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. கார் நின்றால் என் வேலையும் நின்றுவிடும்.

"பட்டறையில விட்டுடலாமே" என்றதற்கு, அவன் மானத்தையே வாங்கிவிட்ட மாதிரி முறைத்தான் என் கணவன் கெர்வின்.

"பட்டறைக்காரன் கையில கிடைச்சதை மாட்டுவான். நான் பார்த்து வாங்குறேன், விடு."

பார்த்தான். மார்ச் முழுக்கப் பார்த்தான். பிரேக் பேடு செராமிக்கில் வேண்டுமா, உலோகக் கலவையில் வேண்டுமா என்று இணையத்தில் முகம் தெரியாத ஆட்களோடு மல்லுக்கட்டினான். ஒருத்தன் தூசி படியாது என்றானாம், இன்னொருத்தன் குளிரில் பிடிக்காது என்றானாம். தட்டில் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்கும்போது எது சிறந்தது என்று வரிசைப்படுத்திய அட்டவணையை எனக்குக் காட்டினான். ஏப்ரலும் போனது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"ஏன்பா, நான் என்ன பந்தயத்துக்கா போறேன்? டிராக்டர் பின்னாடி ஊர்ந்துட்டுப் போறேன்!"

"ஊர்ந்தாலும் நிக்கணும்ல?"

மே மாதம், கட்டாய வண்டிப் பரிசோதனைக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒருவழியாக மாட்டினான். ஒரு கம்பெனியின் ஓட்டை போட்ட பிரேக் டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்க வேறொரு கம்பெனியின் பேடு. இரண்டுமே அட்டவணையில் முதலிடமாம். இரண்டின் அனுமதித் தாள்களையும் கண்ணாடி உறையில் போட்டுப் பெருமையாகக் கொண்டுவந்தான்.

பரிசோதகர் திருமதி ஓல்ட்மன்ஸ் தாளை நிதானமாகப் படித்தார்.

"நாலாவது வரியைப் பார்த்தீங்களா சார்? இந்த டிஸ்க்குக்கு அதே கம்பெனி பேடு போட்டாத்தான் அனுமதி. நீங்க கலந்துட்டீங்க. பாஸ் ஸ்டிக்கர் தர முடியாது. இப்படியே ரோட்டுல ஓட்டவும் கூடாது."

"ரெண்டுமே நல்ல சாமான், மேடம்!"

"அதை யாரு இல்லைன்னு சொன்னாங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த உறையைக் கிழித்திருப்பேன். நான் பிரசவம் பார்க்க வேண்டிய ரெய்ன்ஹில்டுக்கு இது மூன்றாவது பிள்ளை, எந்த நேரமும் வலி எடுக்கலாம். நான் எதில் போவேன்?

"கோபப்படாதே விப்கே" என்றான். "உன் உயிருக்காகத்தானே இவ்வளவு தேடினேன்."

கழற்றிய பழைய டிஸ்க்குகள் பழைய இரும்புக்குப் போடுவதற்காக டிக்கியில் கிடந்தன. திருமதி ஓல்ட்மன்ஸ் ஒன்றைத் தூக்கி, அதன் பள்ளத்தில் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"இதை எப்போ கழட்டினீங்க?"

"போன வாரம்."

"அதுவரைக்கும் இதுலயா ஓட்டினீங்க? தாளு மாதிரி தேஞ்சு கிடக்கு. யாரு ஓட்டினது?"

கெர்வின் குனிந்து டிஸ்க்கைப் பார்த்தான். நான்தான் கையைத் தூக்கினேன். மூன்று மாதம், பதினான்கு பிரசவம், மழை, மூடுபனி எல்லாம் இந்த டிஸ்க்கில்தான். அவன் முகம் வெளுத்துப்போனது.

எதிரே இருந்த உதிரிபாகக் கடைக்கு விறுவிறுவென்று நடந்தான். நானும் போனேன். கடைக்காரர் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்து விளக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க" என்றான் கெர்வின். "இந்தக் காருக்கு வழக்கமா எதைப் போடுவாங்களோ, அதைக் குடுங்க. இப்பவே."

என் கையைப் பிடிக்க வந்தான். நான் கொடுக்கவில்லை.

"முதல்ல மாட்டு" என்றேன்.