மூக்கு லீவில் இருந்த மாதம்

ஷெர்லியின் மூக்கைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. அதைப் பார்க்கிறவர்கள் ஒன்று சொன்னார்கள். அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் வேறொன்று சொன்னார்கள்.

பார்வைக்கு அது கிளிமூக்கு. நடுவில் ஒரு மேடு. மேட்டைத் தாண்டியதும் இடப்பக்கமாக ஒரு சாய்வு. கல்யாண ஆல்பத்தில் அவள் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது. போட்டோகிராபரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டாள்.

வேலைக்கோ, அந்த மூக்கை அடித்துக்கொள்ள தூத்துக்குடியில் ஆள் இல்லை. இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அவள் தரம் பார்க்கிறவள். வந்து இறங்கும் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, சதையைப் பிய்த்து, முகர்ந்து, போகலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். லேபில் இருந்த மிஷின் ஒரு நாள் யோசித்துச் சொல்வதை அவள் ஒரு மூச்சில் சொல்வாள். எந்தப் பண்ணைக் குளத்தில் சேறு கலங்கியது, எந்த லாரியில் வழியில் ஐஸ் தீர்ந்தது எல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். அதற்காக வேலை நாட்களில் பவுடர் கிடையாது, பூ கிடையாது, மத்தியானச் சாப்பாட்டில் வெங்காயம் கிடையாது.

மூக்கு கம்பெனியோடு நின்றிருந்தால் வீட்டில் யாருக்கும் வருத்தமில்லை. அது சாயங்காலம் அவளோடு வீட்டுக்கும் வந்தது. அவள் கணவன் பெவின், துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்டின் ஆபீஸில் இருந்தான். டீக்கடையில் சிகரெட் பிடித்துவிட்டு ஏலக்காயை மென்றுகொண்டு வருவான். கேட்டைத் திறக்கும்போதே, "ரெண்டா, மூணா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு புதுவருஷ ஆராதனையில் சிகரெட்டை விட்டுவிட்டதாக அறிவித்தான். மாமியார் ஜெபசெல்வி, நாசரேத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சர்க்கரை வியாதிக்காரி. தலையணைக்கு அடியில் ஒரு மிட்டாய் இருந்தாலும் மருமகள் வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். கடைசியில் மாமியார் தன் உடம்பை மருமகள் கையிலேயே ஒப்படைத்துவிட்டு, இனிப்பை மறந்து நல்லபிள்ளையாக இருந்தாள்.

இப்படிப்பட்ட மூக்கைத்தான் ஷெர்லி மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

கல்லூரித் தோழி ஏஞ்சலின் பாங்காக்கில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். மேட்டைச் செதுக்கிச் சாய்வை நிமிர்த்துவது அங்கே தினமும் நடக்கிற காரியம் என்றும், தன் பிளாட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றும் வருஷக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தாள். ஜெபசெல்வி முதலில், கர்த்தர் கொடுத்த மூக்கில் மனுஷன் கை வைக்கலாமா என்று கேட்டாள். மறுநாள் காலையில் தன் பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தபோது அவளுக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். போய் வா என்று சொல்லிவிட்டாள்.

கணவனும் மனைவியும் சென்னை போய் அங்கிருந்து பாங்காக் போய் இறங்கினார்கள். டாக்டர் படங்கள் எடுத்தார், கம்ப்யூட்டரில் புது மூக்கை வரைந்து காட்டினார், கடைசியில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஏஞ்சலின் தாய்லாந்து மொழியில் எடுத்துச் சொன்னதும் மனுஷர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நிதானமாக விளக்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே வீங்கியிருக்கும், வாசனை தெரியாது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் திரும்பிவிடும். சிலருக்கு மாதங்கள் ஆகும். வெகு சிலருக்குப் பழைய கூர்மை வராமலும் போகலாம். அதைத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

"யோசிச்சுக்கோ ஷெர்லி," என்றான் பெவின். "பாக்குததுக்கு நல்லா இருக்கும், சரி. ஆனா சோறு போடுதது வாசனதான."

"ரெண்டும் என் மூக்குதான? ரெண்டையும் நானே பாத்துக்கிடுதேன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது மூக்கின் மேல் ஒரு கட்டு ஓடு போல உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சுற்றி நாவல்பழ நிறத்தில் வீக்கம். சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும், குனியக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஏஞ்சலின் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். வெளியே எதைப் பார்த்தாலும் என்ன இறைச்சியோ என்று பயந்த பெவின் வாழைப்பழத்திலும் ரசத்திலும் காலத்தை ஓட்டினான். வலி இருந்தது, ஆனால் அழுகிற அளவுக்கு இல்லை. ஒரு வாரம் கழித்து டாக்டர் கட்டைப் பிரித்துக் கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

ஷெர்லி நேராகப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் பார்த்தாள். வீக்கம் இருந்தது, ஆனால் மேடு இல்லை, சாய்வு இல்லை. வேற்று முகம் ஒன்றும் இல்லை. அவள் முகம்தான், யாரோ மடிப்பெடுத்துத் தேய்த்துக் கொடுத்தது போல இருந்தது. அன்று முழுவதும் ஏஞ்சலின் வீட்டுக் கண்ணாடிகள் எதுவும் சும்மா இருக்கவில்லை.

திரும்பும் வழியில் சென்னை விமான நிலைய அதிகாரி பாஸ்போர்ட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினாள். படித்துவிட்டுப் பக்கத்து மேசைக்காரரையும் அழைத்துக் காட்டி, நல்லா பண்ணியிருக்காங்கம்மா என்று சொல்லி முத்திரை குத்தினார். வீட்டில் ஜெபசெல்வி மட்டும் பிடி கொடுக்கவில்லை. "வீக்கம் வத்தட்டும், பொறவு சொல்லுதேன்," என்றாள்.

வீக்கம் வற்றிக்கொண்டே வந்தது. வாசனைதான் வரவில்லை.

காபி வெறும் சுடுதண்ணீராக இறங்கியது. மீன் குழம்பு புளித்த உறைப்பாக மட்டும் இருந்தது. அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று அடித்தால் முதலில் தும்முகிறவள், இப்போது காற்று அடிப்பதையே முடி பறப்பதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து புகை வந்த பிறகுதான் எழுந்து ஓடினாள்.

கம்பெனிக்குப் போனபோது மானேஜர் காசிலிங்கம் அன்பாகத்தான் பேசினார். புது மூக்கு லட்சணமாக இருப்பதாகச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வெளிநாட்டு பார்ட்டி அடுத்த சீசனுக்குச் சரக்கைப் பார்க்க ஆள் அனுப்பப் போகிறது. முகர்ந்து பார்க்க ஆள் இல்லாமல் லைனை ஓட்ட முடியாது. மாசக் கடைசியில் ஒரு பரீட்சை வைக்கிறேன், கிண்ணம் கிண்ணமாக வைப்பேன், சரியாகச் சொன்னால் பழைய இடம். இல்லாவிட்டால் டாக்குமென்ட் செக்‌ஷனில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

"காகிதத்துக்கு மூக்கு தேவையில்லல்லாம்மா," என்றார் ஆறுதலாக.

அந்த ஆறுதல்தான் ஷெர்லியைக் கொன்றது. அவள் படித்ததும் பிழைத்ததும் தலை நிமிர்ந்து நடந்ததும் அந்த ஒரு திறமையால். அழகான மூக்கை வைத்துக்கொண்டு காகிதம் புரட்டவா பாங்காக் போய் வந்தாள்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் அவளை இவ்வளவு அன்பாக யாரும் பார்த்துக்கொண்டதில்லை. பெவின் சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலையை அவனாகவே எடுத்துக்கொண்டான். குனியக் கூடாத பெண்டாட்டிக்காக அரை மணி நேரம் மேலே நின்று ஊற்றிவிட்டு வருவான். ஜெபசெல்வி ஒரு குறையும் சொல்வதில்லை. சாயங்காலமானால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மருமகளுக்காக ஜெபம் பண்ணினாள்.

டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி தினமும் காலையில் மூக்குக்குப் பயிற்சி நடந்தது. பெருங்காய டப்பா, காபித்தூள், எலுமிச்சம்பழத் தோல், நெத்திலிக் கருவாடு. பெவின் ஒவ்வொன்றாகப் பிடிப்பான். ஷெர்லி கண்ணை மூடிக்கொண்டு இழுப்பாள்.

"ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் இல்லங்க."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட."

"சரி சரி. மெதுவா வரட்டும். என்ன அவசரம்," என்பான். தனக்காக ஒரு மனுஷன் இப்படி விடாமல் கேட்கிறானே என்று நினைத்துக்கொண்டே அவள் அடுத்த டப்பாவுக்குக் கண்ணை மூடுவாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மூக்கில் உப்புத் தண்ணீர் மருந்து விடுவதற்காக ஷெர்லி சாய்வு நாற்காலியில் தலையை அண்ணாந்து படுத்திருந்தாள். செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு இறங்கி வந்த பெவின் அவள் முகத்தின் மேல் குனிந்து, ஆடாதே என்று சொல்லிச் சொட்டு விட்டான்.

வந்தது.

நூல் போல மெல்லிசாக, எங்கேயோ தூரத்திலிருந்து வருவது போல. ஏலக்காய். ஏலக்காய்க்குப் பின்னால் பேஸ்ட்டின் புதினா. புதினாவுக்குப் பின்னால், ஒளிந்துகொள்ள இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தது சிகரெட்.

ஷெர்லியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கணவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா, கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கலாமா என்று தெரியவில்லை. பெவின் பதறிப்போய், எரியுதா என்று கேட்டான்.

"லேசா," என்றாள்.

சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் ஜெபசெல்வி ஜெபம் முடித்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து, மருமகள் நெற்றியில் கை வைத்தாள். தேங்காய்ப்பாலும் முந்திரியும் சேர்ந்து காய்ந்த வாசனை. முதலூர் மஸ்கோத் அல்வா. ஷெர்லி வாயை மூடிக்கொண்டாள்.

அவள் மூளை தொழில்காரி மூளை. நூல் வந்திருக்கிறது; கயிறு வர வேண்டும். கருவாட்டையும் பெருங்காயத்தையும் கண்டுபிடிப்பது ஒரு கெட்டிக்காரத்தனமா? டப்பாவைப் பார்த்தாலே தெரியுமே. என்ன என்று முன்கூட்டித் தெரியாத வாசனை வேண்டும், சொன்னது சரியா என்று பிறகு பார்த்துக்கொள்ளவும் முடிய வேண்டும். அப்படிப்பட்ட பயிற்சியை இந்த வீட்டில் இரண்டு பேர் சம்பளம் இல்லாமல் தினமும் நடத்திக்கொண்டிருந்தார்கள். வாசனை வந்துவிட்டது என்று சொன்ன நிமிஷமே பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

ஆகவே காலையில் பெருங்காய டப்பாவை நீட்டினால், "ஒண்ணும் இல்லங்க," என்று பெருமூச்சு விட்டாள். சாயங்காலம் கணவன் கடந்து போகும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்: இன்றைக்கு ஒன்று, வழக்கமான பிராண்டு இல்லை. மறுநாள் மாடிக்குத் துணி உலர்த்தப் போகும்போது, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவன் சிகரெட் துண்டுகளைப் போட்டு வைத்திருந்த தகர டப்பாவை எட்டிப் பார்ப்பாள். சரியாக இருக்கும். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், இன்றைக்கு மஸ்கோத் இல்லை, முந்திரி மக்ரூன் என்று தீர்ப்பு எழுதுவாள். மாமியார் குளிக்கப் போகும்போது அலமாரியில் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தால் வெள்ளையாக மக்ரூன் உட்கார்ந்திருக்கும். சில நாள் தப்பும். ஒரு நாள் முந்திரிக்கொத்தை அதிரசம் என்று நினைத்துவிட்டு அன்று முழுவதும் கவலைப்பட்டாள். தப்புகள் குறைந்துகொண்டே வந்தன. மஸ்கோத் சுற்றியிருந்த காகிதத்தை முகர்ந்தபோது, அதில் பெவினின் சட்டைப்பை வாடை அடித்தது. மகன் அம்மாவுக்கு அல்வா வாங்கி வருகிறான். அம்மா மகனைக் காட்டிக் கொடுப்பதில்லை. ஒப்பந்தம் முழுவதும் அவளுக்கு விளங்கிவிட்டது. கோபம் வர வேண்டும். அடுத்த பாடம் என்ன என்று ஆவல்தான் வந்தது.

பரீட்சை நாளில் காசிலிங்கம் நீண்ட மேசையில் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார். ஷெர்லி கையைக் கழுவினாள், வாயைக் கொப்பளித்தாள், முதல் இறாலைப் பிய்த்து முகர்ந்தாள். சுத்தம். அடுத்தது குளத்து மண் வாடை. அதற்கு அடுத்தது ஐஸ் குறைந்து ஒரு ராத்திரி தாமதித்தது. கிண்ணத்துக்குக் கிண்ணம் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிக் கிண்ணத்தில் நின்றுவிட்டாள். திரும்பி இரண்டாவது கிண்ணத்துக்கு வந்தாள். மறுபடியும் கடைசிக்குப் போனாள்.

காசிலிங்கம் தாடையைத் தடவிக்கொண்டு காத்திருந்தார்.

"சார், இதுவும் அதுவும் ஒரே லாட்டு. பிரிச்சு வச்சிருக்கிய."

அவர் சிரித்துவிட்டார். "உன்ன ஏமாத்த முடியுதான்னுதாம்மா பாத்தேன். திங்கக்கிழம லைனுக்கு வந்துரு."

சாயங்காலம் ஷெர்லி வீட்டுக்கு வந்தபோது அம்மாவும் மகனும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ் பண்ணிவிட்டேன் என்றாள். ஜெபசெல்வி ஸ்தோத்திரம் சொன்னாள். பெவின் எழுந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அந்தச் சந்தோஷத்தில் பொய் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் முகத்தில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது.

"அப்போ வாசன எப்பருந்து தெரியுது?"

"மருந்து ஊத்தும்போது கண்ணு எரியுதான்னு கேட்டியள்லா? அன்னைக்கிருந்து."

ஜெபசெல்வி எழுந்து உள்ளே போனாள். ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இவன்தான் வாங்கித் தந்தான்," என்றாள்.

"கேட்டது நீங்கதானம்மா," என்றான் பெவின்.

ஷெர்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மூக்கு இன்னும் இழுத்துப் பிடிக்கும். விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு பேரும் இல்லன்னா நான் இன்னைக்கு பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்," என்று சொல்லி நடந்ததையெல்லாம் சொன்னாள். பாட்டிலைத் திறந்து ஒரு மஸ்கோத் துண்டை இரண்டாகப் பிட்டு, பாதியை மாமியார் கையில் வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சு வந்து இவ்வளவு. சுகர் டாக்டர்ட்ட நானே பேசிக்கிடுதேன் மாமி. பூட்டி வச்சு சாப்பிடாதிய."

ஜெபசெல்வி அதை வாயில் போட்டுக்கொண்டு மருமகள் முகத்தை முதல்முறையாக நன்றாகப் பார்த்தாள். "வீக்கம் வத்திட்டு. நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

பெவினுக்குத் தைரியம் வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"எனக்கு?"

ஷெர்லி அவன் பக்கம் திரும்பி, நிதானமாக, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

"சட்டப்பையில இருக்கத எடுத்து மேசையில வைங்க."

வைத்தான்.

"பேன்ட்டுல இருக்கதையும்."