பின்பலகை இல்லாத பெட்டி

யாகப்புவுக்குக் கிற்றார் அடிக்க ஒரு ஸ்பீக்கர் பெட்டி வேண்டியிருந்தது. வெறுமனே சத்தம் போடுகிற பெட்டி என்றால் முல்லைத்தீவிலேயே எடுத்துவிடலாம். கலியாண வீட்டுக்காரர்கள் ஊரை எழுப்புவதற்கென்று வைத்திருக்கும் கறுப்புப் பெட்டிகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அவற்றில் கிற்றாரை மாட்டினால் தகரக் கூரையில் கல் விழுந்த மாதிரி இருக்கும் என்பது அவருடைய கட்சி. அவர் தேடியது பழைய பாணிப் பெட்டி. எழுபதுகளின் இங்கிலீசு றொக் பாட்டுகளில் கிற்றார் கொஞ்சம் கரகரத்து, கொஞ்சம் குழைந்து வருமே, அந்தக் குரலைக் கொடுக்கிற பெட்டி. பிரான்சில் இருக்கும் மகன் றொசான் ஊர்த் தேவாலயத்தின் போன திருநாளுக்கு வந்தபோது கிற்றாரும் வால்வு வைத்த, ‘அம்பு’ என்று சுருக்கிச் சொல்லும் சின்ன அம்ப்ளிபயரும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். ஸ்பீக்கர் பெட்டியை விமானத்தில் ஏற்றுவது நடக்கிற காரியமா? அப்பா இங்கேயே நல்லதாகப் பார்த்து எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவசரம் யாகப்புவுக்கு இல்லை, மனைவி யூலிற்றாவின் காதுக்குத்தான். இடது காது கடைசிச் சண்டை நேரத்திலேயே போய்விட்டது. இப்போது வலதும் மங்கி வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று, தேத்தண்ணி போட்டுக் கொடுத்த கையோடு யூலிற்றா கதிரையை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இது முழுக்கப் போறதுக்கு முன்னம் எனக்கு ஒண்டு கேக்கோணும். திருநாளுக்கு நீங்கள் அடிப்பியளே, அந்தச் சத்தம். ஒருக்காக் கேட்டாக் காணும்.”

இத்தனை வருடக் குடித்தனத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டவை மிகக் குறைவு. இடம்பெயர்ந்து ஊர் ஊராக அலைந்தபோதுகூட, அது வேண்டும் இது வேண்டும் என்று நின்றவள் இல்லை. அந்தக் கிழமையே கிற்றாரையும் அம்பையும் பழைய போர்வைகளில் சுற்றிக்கொண்டு இருவரும் வவுனியா பஸ்ஸில் ஏறினார்கள்.

மாங்குளம் வரும்வரை யாகப்புவின் வாய் ஓயவில்லை. எல்லாம் எண்பதுகளின் கதை. பகல் முழுக்கக் கரைவலை இழுத்த பெடியள், பின்னேரம் குளித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே விரிந்த காற்சட்டை போட்டுக்கொண்டு இங்கிலீசுப் பாட்டு அடித்த கதை. பாட்டின் பொருள் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கும் தெரியாது. ஆனாலும் கோயில் திருநாளில் அவர்கள் இல்லாமல் ஒரு பொழுதும் கழிந்ததில்லை. யாகப்பு சொல்லச் சொல்ல யூலிற்றா பாதி கேட்டும் பாதி கேளாமலும் தலையாட்டிக்கொண்டு வந்தாள். முன்பும் பல தடவை கேட்ட கதைதான்.

ஒரு விசயத்தை மட்டும் யாகப்பு எப்போதும் விட்டுவிடுவார். அந்தக் காலத்தில் அவர்கள் கிற்றாருக்கு வைத்திருந்த பெட்டியை ஊர்த் தச்சர் ஒருவர் செய்து கொடுத்தார். நல்ல வேலைப்பாடுதான். ஆனால் மேடை என்பது கடற்கரையில் மணலைக் குவித்து மட்டப்படுத்திய மேடு. ட்றம்ஸ் அடிக்கிற தவராசா இரண்டு பாட்டு அடிப்பதற்குள் ட்றம்மின் கால்கள் மணலுக்குள் போய்விடும். ஆகவே ஒவ்வொரு திருநாளுக்கும் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி ட்றம்முக்கு அடியில் போட்டுவிடுவார்கள். பெட்டி முதுகு திறந்தபடி நிற்கும். இசைத்தட்டு உறைகளில் வெள்ளைக்காரர்களுக்குப் பின்னால் நெஞ்சு உயரத்துக்கு மூடின பெட்டிகள் கம்பீரமாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த யாகப்புவுக்கு அது பெரிய மானக்கேடு. வசதியில்லாததால் வந்த குறை என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

வவுனியாவில் பரமலிங்கத்தின் கடை. கோயில்களுக்கும் மண்டபங்களுக்கும் ஸ்பீக்கர் பெட்டி அடித்துக் கொடுப்பது தொழில். பழைய பாணிக் கிற்றார்ப் பெட்டி செய்வது அவருடைய பைத்தியம். அப்படிச் செய்தவை இரண்டு அங்கே நின்றன. ஒன்று நாலு ஸ்பீக்கர் வைத்த, நாலாபக்கமும் மூடின பெரிய பெட்டி. மற்றது இரண்டு ஸ்பீக்கர். பின்பக்கத்தில் மேலும் கீழும் ஒவ்வொரு துண்டுப் பலகை, நடுவில் திறந்த வெளி.

யாகப்பு பெரியதைப் பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடி நின்றார். இசைத்தட்டு உறையில் இருந்து இறங்கி வந்த பெட்டி அல்லவா அது!

“மற்றதையும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ அண்ணை,” என்றார் பரமலிங்கம்.

“அது முதுகு திறந்து கிடக்கு. வேலை முடியேல்லைப் போல.”

“முடிஞ்சதுதான். அப்பிடித்தான் செய்யிறது. பின்னாலயும் சத்தம் போகும்.”

“பின்னால ஆர் இருக்கிறது?” என்று சிரித்தார் யாகப்பு. பரமலிங்கமும் வியாபாரிக்குரிய சிரிப்பொன்றைச் சிரித்து வைத்தார்.

பெரிய பெட்டியில் அம்பைக் கொழுவி, ஸ்பீக்கருக்கு நேரே யூலிற்றாவை இருத்தினார்கள். யாகப்பு முதல் அடி அடித்தார். நெஞ்சில் வந்து மோதியது சத்தம். அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்ததைக் கண்டு அவருக்கே ஆச்சரியம். ஒரு பாட்டின் பாதிவரை போய், வேர்த்த முகத்தோடு யூலிற்றாவைப் பார்த்தார்.

அவள் தலையை ஆட்டினாள். “இதில்லை.”

குமிழ்களைத் திருகினார். கரகரப்பைக் கூட்டினார், குறைத்தார். வேறொரு பாட்டு அடித்தார். “நல்லாத்தான் இருக்கு,” என்றாள் யூலிற்றா. “ஆனா இதில்லை.”

யாகப்புவுக்குப் பொறுமை போனது. உண்மையில் அது கோபம் இல்லை, பயம். இவளுக்கு இனி எதைக் கொடுத்தாலும் கேட்கப்போவதில்லையோ, நாங்கள் பிந்திவிட்டோமோ என்ற பயம். பயத்தில் மனுசர் எதையெல்லாமோ சொல்லிவிடுகிறார்கள்.

“சத்தம் சரியாத்தான் இருக்கு. உன்ர காதுதான் சரியில்லை.”

பரமலிங்கம் குனிந்து, ஒழுங்காகக் கிடந்த வயர் ஒன்றை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். சொன்ன வாயை யாகப்பு அறுத்து எறிந்திருப்பார், முடிந்திருந்தால்.

யூலிற்றா எழுந்தாள். வெளியே போகப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார். அவளோ பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய் நின்று, வலது காதைச் சாய்த்து, “அடியுங்கோ,” என்றாள். அவர் அடித்தார்.

“இஞ்சால ஒண்டும் வரேல்லையே.”

“பின்னால நிண்டா எப்பிடி வரும்? முன்னுக்கு வா.”

“முன்னுக்கு நான் எப்ப இருந்தனான்?” என்றாள் யூலிற்றா.

யாகப்புவின் கை கம்பிகளிலேயே நின்றுவிட்டது.

“குமர்ப்பிள்ளையளை மணலுக்கு இறங்க விட்டவையே? குடிச்சிட்டு ஆம்பிளையள் ஆடுவினம் எண்டு அம்மா கோயில் படியிலதான் இருத்தி வைப்பா. நீங்கள் கடலைப் பாத்து அடிப்பியள். நாங்கள் முதுகுப் பக்கம். ஒவ்வொரு வருசமும் அங்க இருந்துதானே கேட்டனான்.”

பரமலிங்கம் அம்பின் வயரைப் பெரிய பெட்டியில் இருந்து கழற்றிச் சின்னதில் கொழுவினார்.

யாகப்பு அடித்தார். யூலிற்றா திறந்த முதுகுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணை மூடுவதையும், உதடு கோணுவதையும், சேலைத் தலைப்பு முகத்துக்குப் போவதையும் அவர் பெட்டிக்கு மேலால் பார்த்தார். இதுதானா என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தான் வெட்கப்பட்ட அந்த ஓட்டையால் என்னதான் போயிருக்கும் என்று அறியாமல் அவரால் நிற்க முடியவில்லை. கிற்றாரைப் பரமலிங்கத்திடம் கொடுத்துவிட்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார். பரமலிங்கம் தனக்குத் தெரிந்ததை மீட்டினார். முன்னால் கேட்ட கூர் இங்கே இல்லை. உருண்டு, தணிந்து, அடுத்த அறையில் இருந்து ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி வந்தது. கிற்றார் இப்படியும் பேசும் என்று யாகப்புவுக்கு அன்றுவரை தெரியாது. மணலில் ஆடிய ஆம்பிளைகளுக்கென்று உயிரை விட்டு அடித்ததெல்லாம், பின்னால் படியில் இருந்த ஒருத்திக்கு இப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

“இதையே கட்டித் தாருங்கோ தம்பி,” என்றார். பிறகு, “பொறுங்கோ, இன்னும் ஒண்டு அடிக்கோணும்,” என்று கிற்றாரைத் திருப்பி வாங்கினார்.

இந்தத் தடவை அவர் பெட்டிக்கு முன்னால் போகவில்லை. இன்னொரு கதிரையை யூலிற்றாவுக்கு எதிரே இழுத்துப் போட்டு, முழங்கால் முட்ட உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினார். அவள் கண் திறந்து அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

“என்ன?” என்று கேட்டார், அவளுக்குக் கேட்கும்படி உரக்க.

“ஒண்டுமில்லை. அடிக்கேக்க உங்கட முகம் எப்பிடியிருக்கும் எண்டு இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

யாகப்புவுக்கு விரல் பிசகிவிட்டது. பாட்டை முதலில் இருந்து தொடங்கினார்.