பரவாயில்லை என்று சொல்கிற ஊர்

கையில் பையோடு வந்து நலம் விசாரிக்கிற யாரையும் மெர்வ் நம்பியதில்லை. அதிலும் லினெட் என்கிற இந்த நர்ஸைக் கூட்டி வந்தது சொந்த மகன் கிரெய்க். எண்பத்திரண்டு வயதுக் கிழவர் கோதுமைக் காட்டில் தனியாக இருக்கலாமா, டவுனில் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல வந்தவள். வீட்டைவிட்டுக் கிளப்பத்தான் பார்க்கிறார்கள் என்று மெர்வ் முடிவு கட்டிவிட்டார்.

கிழமை கேட்டாள், சொன்னார். அடுப்பை மூட்டச் சொன்னாள். மூட்டி, டீயும் போட்டுக் கொடுத்தார். பிறகு, மனசு எப்படி இருக்கிறது என்றாள்.

“சந்தோஷமா இருக்கேன். வயசுல இருந்ததவிட இப்பத்தான் நல்லா இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் தப்பு உறைத்தது. மழை பொய்த்தாலும் பெண்டாட்டி போனாலும் ‘பரவாயில்லை’ என்பதோடு வாயை மூடிக்கொள்கிற ஊர் அது. சந்தோஷம் என்கிறவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

“பாத்தீங்களா?” என்றான் கிரெய்க். “பாதி ஆடு செத்துப்போச்சு, குளம் வத்திப்போச்சு. இவரு காலையில பாட்டுப் பாடுறாரு. புத்தி பேதலிச்சுப் போச்சு.”

“ஏண்டா, உன்ன மாதிரி மூஞ்சியத் தொங்கப் போட்டாத்தான் புத்தி தெளிவா இருக்குன்னு அர்த்தமா?”

லினெட் சிரித்துவிட்டு, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கிரெய்க்கைக் கேட்டாள்.

“பரவால்ல.”

இவனுக்கு நாற்பத்தேழு. அந்த வயதில் மெர்வும் இதையே, இதே குரலில் சொல்லிவிட்டுக் கயிற்றோடு கொட்டகைக்குப் போனவர்தான். நாய் விடாமல் குரைத்ததால் திரும்பி வந்தார். இப்போது ஜன்னல் வழியே பார்த்தார். மகனுடைய வண்டியின் பின்பக்கம், அவன் நாய் எப்போதும் உட்கார்ந்து வருகிற இடம், காலியாக இருந்தது.

“நாய் எங்கடா?”

“பக்கத்துப் பண்ணையில குடுத்துட்டேன்பா. இனிமே எனக்கு எதுக்கு?”

மிச்ச ஆட்டை வைத்திருக்கிறவன் அதை மடக்குகிற நாயைக் கொடுப்பானா? மெர்வ் லினெட் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, நான் சொன்னதெல்லாம் பொய்,” என்றார். “ராத்திரியில விழுந்துடறேன். அடுப்ப அணைக்க மறந்துடறேன். தனியா இருக்க முடியாது.”

இல்லத்தில் இடம் பார்க்கட்டுமா என்றாள்.

“வேணாம். இவன் இங்க வந்து இருக்கட்டும். இன்னைக்கே. நாயோட.”

புரிந்ததோ என்னவோ, லினெட் பையை மூடிவிட்டுத் தன் நாற்காலியைக் கிரெய்க் பக்கம் திருப்பினாள்.

“காலையில பாடக் கூடாது,” என்றான் கிரெய்க்.

“பாடுவேன்டா.”

மேசைமேல் கிடந்த மகனுடைய வண்டிச் சாவியை எடுத்து மெர்வ் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாயைக் கூட்டிவர இரண்டு பேருமாகப் போகலாம்.