தானாகப் போனவர்

கோமான் வீட்டு மாளிகையான வில்லா ஒர்னேராவின் பூங்காவை வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஊராருக்குத் திறந்துவிடுவார்கள். அறுபத்தாறு வயது எர்மிதா அன்றுதான் முதல் முறையாக அந்த இரும்புக் கதவுக்குள் காலை வைத்தாள். எண்பத்திரண்டு வயதுச் சித்தப்பா விஜீலியோவையும் விடாப்பிடியாக இழுத்து வந்திருந்தாள்.

"கால் வலிக்குதுடி."

"வாரச் சந்தைக்குப் போகும்போது வலிக்கலையே சித்தப்பா. உக்காந்து உக்காந்து வாங்க."

கூட்டம் புல்வெளி வழியாகக் குளக்கரைக்கு இறங்கியது. கரையோரம் ஒரு மேடு. மேட்டின் மேல் நாலு தூண் நிறுத்திய சின்ன அலங்கார மண்டபம். எல்லாம் ஆண்டவன் செய்து வைத்ததுபோல அழகாக இருந்தது. மண்வெட்டி பிடித்தவனுக்குத்தான் தெரியும், குளத்தைத் தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் அந்த மேடு எழும்பியது என்று. அதன் வயிற்றுக்குள் பனிக்கட்டி அடுக்கும் கிடங்கு இருந்தது. குளிர்காலத்தில் குளம் உறைந்ததும் கட்டிகளை அறுத்து அதில் நிரப்புவார்கள். கோடையில் கோமான் வீட்டுக்காரர்கள் குளிர்ந்த திராட்சை ரசம் குடிப்பார்கள்.

எர்மிதாவின் அப்பா பொர்த்தோலோ அந்த வேலைக்கு வந்துதான் இந்தக் குளத்தில் செத்தான். அவளுக்கு அப்போது மூன்று வயது. தற்கொலை என்று எழுதிவிட்டார்கள். அதனால் மாதா கோயிலில் சாவு மணி அடிக்கவில்லை. அந்த ஊரில் கோழி திருடினவன் செத்தாலும் ஊருக்கே கேட்கும்படி மணி அடிப்பார்கள். பொர்த்தோலோவுக்கு மட்டும் இல்லை. வேறு யார் சாவுக்கு மணி அடித்தாலும் அம்மா சாகும்வரை காதைப் பொத்திக்கொண்டாள். எர்மிதா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாற்பது வருஷம் துணி வெளுத்தாள். அங்கேயும் அவளுக்குப் பெயர் 'குளத்துக்காரன் மகள்'தான்.

அன்று அப்பாவின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறு முனையைக் கரையில் நின்று பிடித்திருந்தவர் விஜீலியோ. அப்போது வயது பத்தொன்பது. நடந்தது என்ன என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை. கேட்டால் இருமல் வந்துவிடும். இந்தக் கரையில் நிறுத்திக் கேட்டால் தப்ப முடியாது என்றுதான் கூட்டி வந்திருந்தாள்.

வழிகாட்டிப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "இந்தக் குளத்துக்கு ஒரு சோகமான காதல் கதை இருக்குங்க. இங்க வேலை செஞ்ச ஒருத்தர் கோமானோட பொண்ணு மேல உயிரையே வச்சிருந்தாராம். அந்தப் பொண்ணுக்கு வேற ஒருத்தரோட கல்யாணம் நிச்சயமானதும் பனியை உடைச்சு உள்ள குதிச்சிட்டாராம்."

"காதல்னா இதுல்ல காதல்!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "எங்க வீட்டுக்காரரு என் சைக்கிளுக்குக் காத்தடிக்கக்கூட எழுந்திருக்க மாட்டாரு."

"பனி இல்லையேன்னு பாக்கறேன். இருந்தா இப்பவே குதிச்சிருப்பேன்" என்றான் புருஷன். எல்லாரும் சிரித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

எர்மிதா கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் திரும்பினாள். "கேட்டீங்களா? அம்மா காதுல விழாம போச்சு, நல்லவேளை. இப்பவாவது வாயத் தொறங்க."

விஜீலியோவுக்கு இருமல் வரவில்லை.

"அம்மாடி, அது பொய்" என்றார் வழிகாட்டிப் பெண்ணைப் பார்த்து. கூட்டம் திரும்பியது. "செத்தது எங்கண்ணன். பனி மேல கால் வைக்கறதுக்கு முன்னால கோடாலி முதுகால ஒரே இடத்துல மூணு தட்டு தட்டுவோம். மூணுக்குள்ள தண்ணி கசிஞ்சா ஒருத்தனும் எறங்க மாட்டான். அன்னிக்கு ரெண்டாவது தட்டுலயே தண்ணி வந்துருச்சு. ரெண்டு நாளா சூடான தெக்கத்திக் காத்து, பனி இளகிப் போயிருந்துச்சு. கிடங்கு நிரம்ப இன்னும் ஒரு வண்டிதான் குறை. கோமானோட காரியஸ்தர் விடல. 'பயமா இருந்தா பொண்டாட்டி பாவாடைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கடா'ன்னாரு. எங்கண்ணன் எறங்கிட்டாரு."

"அப்புறம் எப்படித் தற்கொலைன்னு எழுதினாங்க?" என்று கேட்டாள் எர்மிதா.

"சாயங்காலம் போலீஸ்காரர் கேட்டாரு: 'யாராச்சும் தள்ளினாங்களா, தானாப் போனாரா?' காரியஸ்தர் என் பக்கத்துல நிக்கறாரு. 'தானாத்தான் போனாரு'ன்னேன். பனி மேல தானா நடந்து போனாருன்னுதான் சொன்னேன். சாகத் தானாப் போனாருன்னு எழுதிக்கிட்டாங்க. படிச்சுக் காட்டினாங்க. அப்பவே தப்புன்னு தெரியும். கையெழுத்துப் போட்டேன்."

"ஏன்?"

"கயித்தப் பத்திக் கேட்டிருவாங்களேன்னு." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "பனி உடைஞ்சதும் கயிறு என்னையும் சேத்து இழுத்துச்சு. முழங்கால் வரைக்கும் தண்ணிக்குள்ள போயிட்டேன். விட்டுட்டேன் எர்மிதா. அறுந்து போகல. நான்தான் விட்டேன்."

யாரும் படம் எடுக்கவில்லை. கயிறு அறுந்தது என்றுதான் எர்மிதா இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அப்பாவின் மானத்தை மீட்க வந்தவளுக்கு அது கிடைத்துவிட்டது. கூடவே இதுவும் கிடைத்தது. சின்ன வயதில் அவளுடைய முதல் நன்மைச் சடங்குக்கு வெள்ளைச் செருப்பு வாங்கித் தந்தவர், அம்மா படுக்கையில் கிடந்தபோது விறகு பிளந்து போட்டவர், இவர்தான்.

வழிகாட்டிப் பெண் தாளை மடித்தாள். "எனக்குத் தெரியாதுங்க. குடுத்ததை வாசிச்சேன். அவர் பேரு என்னங்க?"

"பொர்த்தோலோ லான்சேனி" என்றாள் எர்மிதா. "முப்பத்தோரு வயசு. கல்யாணமானவரு. எந்தக் கோமான் பொண்ணையும் அவரு ஏறெடுத்துப் பாக்கல. அவரு பாத்தது எங்கம்மாவை."

அந்தப் பெண் தாளின் ஓரத்தில் பெயரை எழுதிக்கொண்டாள். பிறகு கூட்டத்தைக் கமேலியாச் செடிகள் பக்கம் அழைத்துப் போனாள். கரையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

"என்னை என்ன பண்ணப் போற?" என்று கேட்டார் விஜீலியோ.

"பாதிரியார்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அப்பாவுக்கு மணியடிக்கணும்."

"அறுபத்திமூணு வருஷம் கழிச்சா? ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். இத்தனை நாள் எங்களைப் பாத்துச் சிரிக்கலையா?"

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கயித்த விட்டதையும் சொல்லணுமா?"

"அதைத்தான் மொதல்ல சொல்லணும்."

பெஞ்சைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. எர்மிதா அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பூசை முடிந்து பாதிரியார் சாப்பிட உட்காருவதற்குள் போய்விட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.